கூம்பிய ஆம்பலும் குளத்துக் கொக்கும்

குறுந்தொகையில் 122ஆம் பாட்டு நான்கே அடி. பாடியவர் ஓரம்போகியார். ஆழமான நீரில் நிற்கும் ஆம்பல் கூம்பிவிட்டது, கூம்பிய பூ, பச்சைக் கால் கொண்ட கொக்கின் மங்கலான முதுகுபோல் இருக்கிறது, மாலை வந்துவிட்டது, அதற்குப் பின்னால் இரவும் காத்திருக்கிறது. பிரிவில் இருக்கும் தலைவி சொல்வது இவ்வளவுதான். தலைவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. கண்ணீர் இல்லை, வளை கழலவில்லை, பசலை பாயவில்லை. பொழுது சாய்கிறது என்று சொல்ல அவளுக்கு ஒரு பூவும் ஒரு பறவையும் போதுமாக இருந்தன.

இந்த உவமையில் என்னை நிறுத்தி வைப்பது புலவரின் தேர்வு. கொக்கு என்றதும் நினைவுக்கு வருவது வெள்ளை. வானத்தில் வரிசையாகப் போகும் வெள்ளை, உழவு மாட்டின் பின்னால் நடக்கும் வெள்ளை. ஆம்பல் என்றாலும் பெரும்பாலும் வெள்ளைதான் கண்ணில் நிற்கும். வெள்ளையோடு வெள்ளையை முடிச்சுப் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஓரம்போகியார் கொக்கில் எவரும் புகழாத முதுகை எடுத்துக்கொண்டார். ஆம்பலில் எவரும் பாடாத, மூடிய பூவின் வெளிப்புறத்தை எடுத்துக்கொண்டார். அழகு என்று ஊர் ஒப்புக்கொண்ட பக்கத்தை இரண்டிலும் மறைத்துவிட்டு, மிச்சமிருந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

எந்தக் கொக்கு அது? கால் பச்சை, முதுகு மங்கல் என்று இரண்டு அடையாளம் தருகிறார். சின்ன வெள்ளைக் கொக்குக்குக் கால் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். பெரிய வெள்ளைக் கொக்குக்கும் கால் கறுப்பே. மாட்டோடு திரியும் உண்ணிக்கொக்குக்கு முதுகும் வெள்ளை. சாம்பல் நாரை இவற்றை எல்லாம்விடப் பெரியது, கொக்கு என்று அதை யாரும் சொல்வதில்லை. எஞ்சுவது குளத்துக் கொக்கு. ஊர்ப்பக்கம் மடையான் என்பார்கள், குருட்டுக் கொக்கு என்பார்கள். தக்காணத்தில் பணியாற்றிய சைக்ஸ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1832இல் அதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். இன்றைய பெயர் ஆர்டியோலா கிரேயி. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்தால் ஒன்றரை அடிதான் தேறும். சேற்று நிற முதுகு, பழுப்புக் கோடு இறங்கிய கழுத்தும் மார்பும், பசுமையோடிய கால். வயல் வரப்பிலோ ஏரி ஓரத்திலோ அது குந்தியிருந்தால் பார்வைக்குத் தட்டுப்படாது. காலடிக்கு அருகிலிருந்து திடீரென்று எழும்பும்போதுதான் அங்கே ஒரு பறவை இருந்தது என்றே தெரியும். எழும்பிய கணத்தில் இறக்கையும் வாலும் தூய வெள்ளை. உட்கார்ந்திருந்த பறவையும் பறக்கும் பறவையும் ஒன்றுதான் என்று முதன்முறை பார்ப்பவரால் நம்ப முடியாது.

கூம்பிய ஆம்பலை அருகில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நான்கு புல்லிதழ்கள் பூவை வெளியிலிருந்து பொத்திக்கொண்டிருக்கும். பசுமையும் பழுப்பும் கலந்த, ஒளியில்லாத நிறம். கூர்நுனி மேல்நோக்கி, அடிப்பக்கம் சற்றுப் பருத்து, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு குந்தியிருக்கும் கொக்கின் வடிவமே அதற்கு உண்டு. உள்ளே அடுக்கடுக்காக வெண்ணிற இதழ்கள். விரிந்தால்தான் வெள்ளை வெளியே வரும். கொக்குக்கு இறக்கை செய்யும் வேலையை ஆம்பலுக்கு இதழ் செய்கிறது. நிறம், வடிவம் என்பதைத் தாண்டி, வெள்ளையை உள்ளே வைத்துப் பூட்டும் அந்த அமைப்பிலேயே இரண்டும் ஒன்றுபடுகின்றன. புலவர் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. முதுகு என்று மட்டும் சொன்னார். மடித்து வைத்த வெள்ளை இருக்கிறது என்பது கொக்கைப் பறக்கப் பார்த்தவருக்குத் தானாகவே வந்து சேரும்.

இந்தப் பாட்டை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கச் சந்தவாசல் நல்ல இடம் என்று எனக்குப் படுகிறது. வேலூர் – திருவண்ணாமலைச் சாலையில் கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவே இருக்கிறது ஊர். படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி மேற்கே திரும்புவார்கள். ஆடி மாதத்தில் கூட்டம் தாங்காது. கோயில் கூட்டம் கண்ணில் வாங்காமல் கடந்துபோகும் நிலம்தான் என் விஷயம். மேற்கே ஜவ்வாது மலை எழுந்து நிற்கிறது. மலைமேல் மலையாளி மக்களின் சாமையும் தினையும் கேழ்வரகும். அடிவாரத்தில் கமண்டல நாகநதி. அதன் தண்ணீரிலும் மலையோடைகளின் தண்ணீரிலும் நெல்லும் வாழையும். நதி ஆரணி வழியாகப் போய்ச் செய்யாற்றில் கலக்கிறது, செய்யாறு பாலாற்றில் கலக்கிறது. இடையிடையே ஏரிகள். தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால் கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். மலையைப் பார்த்த மேற்குப் பக்கம் கரையில்லாமல், மெல்லச் சரிந்து, புல்லும் சேறுமாக, எங்கே நிலம் முடிகிறது எங்கே நீர் தொடங்குகிறது என்று கோடு போட முடியாதபடி கிடக்கும். அதை ஏரி உள்வாய் என்பார்கள். கொக்கும் ஆம்பலும் அந்தக் கோடில்லாத இடத்துக்குச் சொந்தக்காரர்கள்.

மலைப்பயிரும் ஏரிப்பறவையும் ஒரே பார்வைக்குள் வருவது இந்த அடிவாரத்தின் தனித்தன்மை. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர் இன்னொரு கொக்கைக் காட்டுகிறார். தலைவனும் தலைவியும் கூடிய இடத்தில் வேறு யாரும் இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு மட்டும் இருந்தது. அதன் சிறிய பசுங்கால் தினைத்தாள்போல் இருந்தது என்கிறார். ஓரம்போகியார் பூவுக்குக் கொக்கைத் தேடிப் போனார். கபிலர் கொக்கின் காலுக்குப் பயிரைத் தேடிப் போனார். மலையைப் பாடிய கபிலருக்குத் தினைத்தாள் கையெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். சமவெளியிலேயே இருப்பவருக்குத் தினை தெரியாது, மலைமேலேயே இருப்பவருக்கு ஏரிக் கொக்கு அன்றாடம் இல்லை. காலையில் மலையில் தினைக்கொல்லையையும் மாலையில் கீழே ஏரியையும் பார்த்துவிட முடிகிற ஊர்களில் அந்த உவமையைக் கையால் தொட்டுச் சரிபார்க்கலாம். முதிராத தினைத்தாளின் பச்சையில் ஒரு மஞ்சள் ஓட்டம் உண்டு. குளத்துக் கொக்கின் காலிலும் அதே மஞ்சளோடிய பச்சைதான்.

மலைக்கு அந்தப் பக்கம் வாணியம்பாடி. அங்கே தமிழாசிரியராக இருந்த சௌரிப்பெருமாள் அரங்கன்தான் 1915இல் குறுந்தொகையை முதன்முதலில் உரையோடு அச்சுக்குக் கொண்டுவந்தவர். உ.வே.சாமிநாதையரின் பதிப்பு வர 1937 ஆயிற்று. ஏட்டிலிருந்து இந்த நான்கு அடியை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் படித்தவர் வாழ்ந்தது ஜவ்வாது மலையின் நிழலில் என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. தெற்கே செங்கம். மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர் அது. அந்தப் பாட்டில் ஓடும் சேயாறுதான் இன்றைய செய்யாறு. சங்கப் பாட்டின் நிலத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டிய அவசியம் இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இல்லை.

ஓரம்போகியார் யார், எந்த ஊர்க்காரர் என்பதற்குப் பாட்டைத் தவிர நமக்குச் சாட்சி இல்லை. பாட்டு சொல்வது போதும். ஐங்குறுநூற்றின் மருதத்து நூறு பாட்டும் அவருடையவை. அதில் வேழம் என்ற நாணலுக்கு ஒரு பத்து, வயல் நண்டுக்கு ஒரு பத்து, எருமைக்கு ஒரு பத்து. நீரோரத்து நாணலையும் நண்டுவளையையும் பத்துப் பத்தாகப் பாட முடிந்தவர் எவ்வளவு நேரம் சேற்றோரத்தில் நின்றிருக்க வேண்டும்! அறைக்குள் உட்கார்ந்து அடுக்கிய உவமை வேறு, நின்று பார்த்த உவமை வேறு. வித்தியாசம் ஒரு நிறத்தில் தெரிந்துவிடும். வெறும் கொக்கு என்று சொல்லியிருந்தால் அது மரபு. காலின் நிறத்தைச் சொல்லி, இன்ன கொக்கு என்று பிரித்துச் சொன்னது பார்வை.

சங்க இலக்கியத்தின் செடிகொடிகளுக்கு ஒரு நூலும் பறவைகளுக்கு ஒரு நூலும் பி.எல்.சாமி எழுதியிருக்கிறார். நிர்வாகப் பணியின் இடையில் அவர் செய்த உழைப்பு பெரியது. 122ஆம் பாட்டுக்கு அந்த இரண்டு நூலையும் ஒருசேரத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாவரவியலும் பறவையியலும் தனித்தனித் துறையாகப் பிரிந்துபோன காலத்தில் நாம் இருக்கிறோம். ஆம்பலை ஆராய்கிறவர் கொக்கைப் பார்ப்பதில்லை, கொக்கை எண்ணுகிறவர் ஆம்பலைக் குறித்துக்கொள்வதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன நான்கு அடி அந்தப் பிரிவினைக்கு முந்தையது.

ஆம்பலிடமிருந்து தொடங்குகிறேன். ஆம்பல் அசையாத செடி என்று நினைக்கிறோம். வேர் சேற்றில், இலை நீர்மேல், அவ்வளவுதான் என்று தோன்றும். சேற்றுக்குள் காற்று கிடையாது. ஈரமண்ணில் ஓரிரு விரற்கடை ஆழத்துக்குக் கீழே உயிர்வளி தீர்ந்துவிடும். மற்றச் செடிகளின் வேர் அங்கே அழுகும். ஆம்பலின் கிழங்கு அங்கேதான் கிடக்கிறது. எப்படி மூச்சு விடுகிறது? அதன் இலைக்காம்பை ஒடித்துப் பார்த்தால் குறுக்குவெட்டில் நீளக் குழாய்கள் தெரியும். சிறுவயதில் காம்பை ஒடித்து மாலை கோத்தவர்கள் எல்லோரும் அந்தத் துளைகளைப் பார்த்திருப்பார்கள். 1980இல் ஜான் டேசி என்ற ஆய்வாளர், ஆம்பல் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் அல்லியில் அந்தக் குழாய்களுக்குள் ஒரு காற்றோட்டம் இருப்பதைக் கண்டு சொன்னார். வெயில் பட்டுச் சூடாகும் இளம் இலை காற்றை உள்ளே வாங்குகிறது. உள்ளே அழுத்தம் கூடி, காற்று காம்பின் வழியே கிழங்குக்கு இறங்குகிறது. அங்கிருந்து முதிர்ந்த இலைகளின் காம்பு வழியே மேலேறி வெளியேறுகிறது. ஓர் இளம் இலையின் வழியாக ஒரு நாளில் 22 லிட்டர் வரை காற்று இறங்கும் என்று அவர் அளந்தார். நீர்மேல் தட்டையாக மிதக்கும் இலைக்குக் கீழே, சேற்றுக்கும் வெயிலுக்கும் நடுவே, பகல் முழுக்க ஒரு காற்று வீசிக்கொண்டிருக்கிறது. இளம் இலை இழுத்து, முதிர்ந்த இலை விடுகிறது. அந்த மூச்சில்தான் கிழங்கு உயிரோடு இருக்கிறது.

காம்பின் நீளமும் நிலையானதல்ல. ஏரியில் நீர் ஏறினால் காம்பு நீள்கிறது. ஆழ நீருக்கு நெடிய காம்பு, வற்றிய நீருக்குக் குட்டைக் காம்பு. பூவுக்கும் தினசரி வேலை உண்டு. ஆம்பல் குடும்பத்துப் பூ முதல்முறை விரியும்போது பெண்ணாக இருக்கும். நடுவிலுள்ள கிண்ணத்தில் திரவம் ஊறியிருக்கும். மகரந்தம் சுமந்து வரும் பூச்சி அதில் இறங்கும். சில பூச்சிகள் திரும்புவதில்லை. அடுத்த முறை விரியும்போது அந்தத் திரவம் இல்லை, பூ ஆணாக மாறி மகரந்தத்தைத் தருகிறது. இப்படிச் சில நாள் திறந்து மூடியபின் பூ நீருக்குள் இறங்கிவிடும். காய் நீருக்கடியில் முதிர்ந்து வெடிக்கும். விதைகள் பஞ்சுபோன்ற உறையோடு கொஞ்ச நேரம் மிதந்து, உறை கரைந்ததும் மூழ்கும். பூத்ததை ஊர் பார்க்கும், காய்த்ததை மீன்தான் பார்க்கும்.

கொக்குக்கு வருகிறேன். பறவை என்றால் அசைவு என்று நினைக்கிறோம். குளத்துக் கொக்கின் வாழ்க்கை பெரும்பகுதி நிற்பதில் போகிறது. நீரோரத்தில் கழுத்தை இழுத்துக்கொண்டு, அலகை முன்னால் சாய்த்து, ஒரே இடத்தில் நிற்கும். ஏரிக்கரையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், ஆயா, இது மனுசரைக் கண்டு பயப்படாதா என்று கேட்டேன். "அது எங்க தம்பி நம்மளப் பாக்குது? தண்ணியப் பாத்துனு நிக்குது. கண்ணு தெரியாதுன்னு சொல்லுவாங்க, பொய்யி. மீனு தெரியுதே" என்றார். குருட்டுக் கொக்கு என்ற பெயரை அவர் ஒரே வாக்கியத்தில் திருத்திவிட்டார். நாம் அருகே போகும்வரை அது பறக்காமல் இருப்பதால்தான் குருடு என்றார்கள். உண்மையில் அந்தக் கண்ணுக்கு மனிதக் கண்ணால் முடியாத கணக்கு தெரியும். நீருக்குள் இருக்கும் மீன், ஒளி வளைவதால், இருக்கும் இடத்தில் தெரியாமல் வேறிடத்தில் தெரியும். கொக்கு குத்தவேண்டியது தெரியாத இடத்தில். 1987இல் காட்சிர், இன்ட்ரேட்டர் என்ற இருவர் கடலோரக் கொக்கு ஒன்றை வைத்து ஆராய்ந்து, மீன் இருக்கும் உண்மையான ஆழத்துக்கும் தோன்றும் ஆழத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது சரிசெய்துகொண்டே குத்துகிறது என்று காட்டினார்கள். நிற்கும் பறவை சும்மா நிற்கவில்லை. கழுத்தின் முள்ளெலும்புகளில் ஒன்று மற்றவற்றைவிட நீண்டிருப்பதால் கழுத்து மடங்கி, கண் இமைக்கும் நேரத்தில் நீள்கிறது. அந்த ஒரு குத்துக்காக அத்தனை நேரம் அசையாமல் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது நாம் பிறந்ததிலிருந்து நம்பியது தலைகீழாகிறது. செடி ஓயாமல் அசைந்துகொண்டிருக்கிறது: காற்றை இழுக்கிறது, காம்பை நீட்டுகிறது, நாளுக்கொரு முறை திறந்து மூடுகிறது, பெண்ணிலிருந்து ஆணாகிறது, நீருக்குள் இறங்கிப் போகிறது. பறவை தன் பிழைப்பையே நின்று நடத்துகிறது. ஆம்பலின் அசைவு நம் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் மெல்ல நடக்கிறது. கொக்கின் அசைவு நம் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் சட்டென்று நடந்து முடிகிறது. நடுவில் நாம் பார்ப்பது இரண்டின் நிலைத்த முகத்தை மட்டும். அந்த நிலைத்த முகத்தைத்தான் ஓரம்போகியார் உவமையாக்கினார். காத்திருக்கும் ஒருத்தியின் வாயில் அந்த உவமையை வைத்தார். அவளும் வெளியே பார்க்க அசையாதவள்.

ஆம்பல் நிலவுக்குப் பூப்பது, தாமரை சூரியனுக்குப் பூப்பது என்று பிற்காலக் கவிதை நமக்குப் பழக்கியிருக்கிறது. இந்தப் பாட்டின் ஆம்பலோ மாலையில் கூம்புகிறது. முரண் போலத் தோன்றும். நம் ஏரிகளில் இரண்டு வகை ஆம்பல் உண்டு. நிம்ஃபேயா பியூபெசென்ஸ் என்பது அந்தியில் விரிந்து மறுநாள் முற்பகலில் மூடுவது. நிம்ஃபேயா நௌசாலி பகலில் விரிந்து பொழுது இறங்கும்போது மூடுவது. அதன் நீலப்பூவைத்தான் இலங்கை தன் தேசிய மலராக வைத்திருக்கிறது, வெள்ளையாகவும் அது பூக்கும். பாட்டில் இருப்பது பகல் ஆம்பல் என்றே நான் கொள்கிறேன். அது அப்படி இருந்தால்தான் பாட்டின் நேரம் பொருந்துகிறது. கொக்கும் பகற்பறவை, பொழுது சாய்ந்தால் இரை தேடுவதை விட்டு, மரத்தில் கூட்டமாக அடையப் போய்விடும். பூவுக்கும் பறவைக்கும் அன்றைய வேலை முடிகிற அதே நேரத்தில் அவளுடைய துயரம் வேலைக்கு வருகிறது. இரவில் பூக்கும் ஆம்பலை அங்கே வைத்தால் இந்த ஏற்பாடு முழுவதும் கலைந்துவிடும்.

இன்னொன்று உண்டு. அதை உரைகளில் நான் கண்டதில்லை, ஏரிக்கரையில்தான் புரிந்தது. குளத்துக் கொக்கு எப்போதும் மங்கிய முதுகோடு இருப்பதில்லை. இணைசேரும் பருவம் வந்தால் முதுகில் அரக்கு நிறத்தில் இறகுகள் முளைத்து விசிறிபோல் தொங்கும். பிடரியில் நீண்ட வெண்சிறகுகள் வரும். காலின் பச்சை மாறிச் சில பறவைகளில் சிவப்போடிவிடும். அப்போது அதைப் பார்ப்பவர் மங்கிய முதுகு என்று சொல்ல முடியாது, பச்சைக் கால் என்றும் சொல்ல முடியாது. புலவர் தந்த இரண்டு அடையாளமும் ஒரே ஒரு நிலைக்குத்தான் பொருந்தும்: இணை தேடாத காலத்துக் கொக்கு. மணக்கோலம் இல்லாத கொக்கு. துணையைப் பிரிந்த ஒரு பெண்ணின் வாயில், வேறு எந்தக் கோலத்துக் கொக்கையும் வைக்காமல், இந்தக் கோலத்துக் கொக்கை வைத்திருக்கிறார். நினைத்தே செய்தாரா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. கண் சரியாகப் பார்த்திருந்தால் நினைக்காமலும் இப்படி அமையும். உள்ளுறை, இறைச்சி என்று இலக்கணம் பேசுவதெல்லாம் இப்படிப்பட்ட பார்வையின் மேல்தான் நிற்கின்றன என்று நம்புகிறேன். கருப்பொருளைத் தவறாகப் பார்த்துவிட்டு உரிப்பொருளைச் சரியாகச் சொன்ன சங்கப் பாட்டு எதுவும் எனக்கு நினைவில்லை.

புறநானூற்றின் 248ஆம் பாட்டிலும் ஒரு வெள்ளாம்பல் இருக்கிறது. பாடியவர் ஒக்கூர் மாசாத்தனார். கணவனை இழந்தவள் சொல்கிறாள்: இளமையில் தழையாடையாக உடுத்திய அதே ஆம்பல், இப்போது நேரம் தவறி உண்ணும் கைம்மைக்காலத்தில் புல்லரிசியாக உணவாகிறது. ஆம்பலின் விதையும் கிழங்கும் பஞ்ச காலத்து உணவு. ஏரி வற்றும்போது சேற்றைத் தோண்டி அல்லிக்கிழங்கு எடுத்து அவித்துத் தின்ற தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அதன் ருசியைக் கேட்டால் முகம் மலர்ந்து பேசுவார்கள், அந்தக் காலத்துப் பசியைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். கபிலரின் பெண்ணுக்குக் கொக்கு மட்டும் சாட்சி, அதுவும் மீனைப் பார்த்து நின்ற சாட்சி. மாசாத்தனாரின் பெண்ணுக்கு ஆம்பல் மட்டும் மிச்சம். ஓரம்போகியாரின் நான்கு அடியில் பூவும் பறவையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. இந்த மூன்று பாட்டையும் தொடர்ந்து படிக்கும்போது, தனித்து விடப்பட்ட பெண்கள் ஏன் திரும்பத் திரும்ப நீர்க்கரைக்கே வருகிறார்கள் என்று தோன்றும். தண்ணீர் எடுக்க, குளிக்க, கீரை பறிக்க, மாடு கழுவ என்று பெண்ணுக்கு அன்றாடம் போய்வர உரிமை இருந்த வெளியிடம் அதுதான். அவள் கண்ணில் நாள்தோறும் பட்டவை இவை.

உவமை உயிரோடு இருக்க இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கவேண்டும். கொக்கு இன்னும் இருக்கிறது. சாக்கடையோரம், நெல்வயல், மீன்குட்டை என்று எங்கும் நிற்கப் பழகிய பறவை அது. பல ஏரிகளில் ஆம்பல் போய்விட்டது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நீரை மூடினால் கீழே வெயில் இறங்காது, ஆம்பலின் இளம் இலைக்கு மேலே வர இடம் கிடைக்காது. உள்வாயில் சீமைக்கருவேல் ஏறினால் ஓரம் முழுதும் முள்காடாகிவிடும். இவை எல்லோரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதது ஆழம். 2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். வண்டலை அள்ளி வயலுக்குப் போடுவது பழைய வழக்கம், நிலத்துக்கும் ஏரிக்கும் நல்லது. மண்வெட்டியும் மாட்டுவண்டியும் அள்ளிய காலத்தில் சரிவு சரிவாகவே இருந்தது. இயந்திரம் அள்ளும்போது பல இடங்களில் செங்குத்தான பள்ளமாகிவிடுகிறது. பள்ளத்தின் விளிம்பில் கொக்கு நிற்க முடியாது. அதன் கால் ஒரு சாண் நீருக்கு அளந்து செய்தது. ஆம்பல் கிழங்கு வண்டலோடு லாரியில் ஏறிப் போய்விடுகிறது. கொள்ளளவு கூடியது என்று கணக்கில் எழுதுகிறோம். அது உண்மையும்கூட. முழங்கால் நீர் எவ்வளவு போயிற்று என்பதற்குக் கணக்கில் கட்டம் இல்லை.

சந்தவாசலைச் சுற்றியிருக்கும் ஏரிகளுக்குச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. தூர்வார மதிப்பீடு போடும்போது, மலையைப் பார்த்த மேற்குச் சரிவில் ஒரு பட்டையை மட்டும் தோண்டாமல் விடவேண்டும். முழங்காலுக்கு மேல் நீர் ஏறாத பட்டை. அதில் முள்ளை மட்டும் வெட்டினால் போதும். கோடையில் ஏரி வற்றும்போது கிழங்கு அங்கே சேற்றுக்குள் கிடந்து, மழை வந்ததும் இலை விடும். தொடக்கத்துக்குப் பக்கத்து ஏரியிலிருந்து நாலு கிழங்கு கொண்டுவந்து ஊன்றவும் செய்யலாம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராமசபை கூடுகிறது. அந்த மாதத்தில் நீர் இறங்கத் தொடங்கியிருக்கும். எந்தப் பட்டையை விடவேண்டும் என்று தீர்மானத்தில் எழுதுவதற்கு முன்பே எல்லோரும் கரையில் நின்று கையை நீட்டிக் காட்டிவிடலாம்.